எச்சில் விரல்

கல்யாணமாகி மூன்றாம் நாள், கோயிலிலிருந்து திரும்பும் வழியில் காரில் காற்று குறைந்ததற்கான விளக்கு எரிந்தது. எந்த டயர் என்றுதான் தெரியவில்லை. நான்கையும் உதைத்துப் பார்த்த கதிரேசன், குத்தவைத்து உட்கார்ந்து, விரலை நக்கி, காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு டயரின் வால்வில் எச்சிலைத் தடவினான். ஒன்றுமில்லை. அழுக்கு அப்பிய அதே விரலை மறுபடியும் நக்கிக்கொண்டு அடுத்த டயருக்குப் போனான். பார்த்துக்கொண்டு நின்ற புது மனைவி சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்காவது டயரில் எச்சில் நுரைத்து, கொப்புளம்போல் உப்பி வெடித்தது.

“இதான் பாரு!” என்று பல் தெரியச் சிரித்தான்.

“மொதப் பயணமே இப்படி ஆச்சே. அவளுக்கு விபூதி பூசி விடுடா,” என்று மாமியார் காருக்குள்ளிருந்து பொட்டலத்தை நீட்டினாள்.

அந்த விரலாலேயே நெற்றியில் பூசினான். பிறகு மிச்சத்தை விரல்நுனியில் அள்ளி, அத்தனை பிரியமாக, “ஆ காட்டு,” என்றான்.