உறையில் கட்டிய துணி

படம் கைமாறிக் கைமாறி மூன்றாவது நாற்காலிக்கு வந்துவிட்டது. அகராதி உட்கார்ந்திருந்தது ஐந்தாவதில்.

அகராதி என்பது பழைய விமானப் பிரியர்கள் சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர். வால் நுனியைக் காட்டினால் போதும், எந்த விமானம், எந்த வருஷத்துத் தயாரிப்பு என்று சொல்லிவிடுவார். யாராவது ஒரு திருகாணியைத் தப்பாகச் சொன்னால்கூடத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. இந்த ஆளுக்கு அகராதி பிடித்திருக்கிறது என்று வீட்டில் மனைவியும் சொல்வாள். அது வேறு அர்த்தம்.

படம் கொண்டுவந்த அம்மாள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷத்துக்கு முந்திய வான்காட்சியில், அத்தனை கூட்டத்தின் கண்ணெதிரே விழுந்து எரிந்த விமானத்தை ஓட்டியவர் அவள் கணவர். வேகத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார், விமானியின் பிழை என்று எழுதி விசாரணையை மூடிவிட்டார்கள். பீரோவை ஒழிக்கும்போது இந்தப் படம் கிடைத்ததாம். அவர் ஏறுவதற்குச் சற்று முன் யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

சங்கத்துக்கு ஒரே குஷி. ஆளாளுக்கு அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ரேடார், இரண்டு காதும் மந்தம் என்பதால் அந்தப் பெயர், வேலியோர மரத்தில் ஏறிப் பார்த்த கதையை ஐம்பதாவது தடவையாகச் சொன்னார். செத்தவரின் மனைவி பக்கத்திலேயே இருக்கிறாளே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"நம்ம அகராதிதான் பாவம், அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்துட்டார்" என்றார் ரேடார், தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில்.

அகராதி தம்ளரை எடுத்து ஒரு வாய் டீ குடித்தார்.

அது இவர் சங்கத்தில் சொல்லிவைத்த கதை. காய்ச்சலில் படுத்தது இவர் இல்லை, அந்த விமானத்தின் மெக்கானிக். இவருடைய சிநேகிதன். அன்று காலை விமானத்தை இவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான். விசாரணையில் எல்லாம் சரியாக இருந்தது என்று அவனே சொல்லிவிட்டான். இவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவனும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தான்.

இறக்கைக்குக் கீழே விரல் பருமனில் ஒரு குழாய் இருக்கும். அதில் காற்று புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் நகரும். தரையில் நிற்கும்போது பூச்சி புகாமல் அதற்கு ஓர் உறை மாட்டுவார்கள். கிளம்புமுன் கழற்ற மறக்கக் கூடாது என்று உறையில் சிவப்புத் துணி தொங்கும்.

கழற்ற வேண்டிய நேரத்தில், நான்கு இன்ஜின் கிழட்டு விமானம் ஒன்று இறங்குகிற சத்தம் கேட்டது. ஆயுசில் அதுவரை பார்க்காத ரகம். ஒரே ஓட்டமாக ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது இந்த விமானம் மேலே போய்விட்டிருந்தது.

படம் நான்காவது நாற்காலிக்கு வந்தது. அங்கே பல் டாக்டர்.

தன் கைக்கு வந்ததும் டீயைக் கொட்டிவிடலாமா என்று அகராதி யோசித்தார். தம்ளர் கையில்தான் இருந்தது. இந்த வயசில் கை நடுங்கியது என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இன்னும் ஒரே ஒரு நாற்காலி. அப்புறம் செத்தாலும் யாருக்கும் தெரியாது.

டாக்டர் பூதக்கண்ணாடியை இறக்கைக்கு மேல் வைத்தார். இன்னும் கிட்டே குனிந்தார். குழாயில் உறை அப்படியே மாட்டியிருந்தது. எட்டிப் பார்த்த ரேடாரும் மரத்துக் கதையைப் பாதியில் நிறுத்தினார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அந்தக் குழாயும் உறையும் அங்கே அத்தனை பேருக்கும் தெரியும்.

அம்மாளுக்குத்தான் தெரியாது. என்ன, என்ன என்று கேட்டாள். டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. பல்லைப் பிடுங்குவது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி முடித்தார்.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"சிவப்பா தொங்குறதைக்கூடப் பார்க்காமலா ஏறினார்? அவ்வளவு அலட்சியமா?"

சும்மா இருந்திருக்கலாம். நாற்பது வருஷம் இருந்த மனுஷனுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்க முடியாதா? இப்போதும் பழி செத்தவர் தலையில்தான் விழுந்தது. இவர் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை. ஆனால் தப்பு ஒன்று காதில் விழுந்துவிட்டதே. சனியன் பிடித்த நாக்கு, அது எங்கே சொன்னபடி கேட்கிறது?

"சிவப்பு இல்லம்மா, மஞ்சள். அன்னைக்குச் சிவப்புத் துணி கிடைக்கல, துடைக்கிற துணியைக் கிழிச்சுக் கட்டினது. விமானமும் மஞ்சள். அவர் சுத்திப் பார்த்திருப்பார், கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

டாக்டர் படத்தைப் பார்த்தார். துணி சாம்பல், இறக்கை சாம்பல், வானமும் சாம்பல். பிறகு தலையைத் தூக்கி அகராதியைப் பார்த்தார்.

அம்மாள் எழுந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று அகராதி நினைத்தார். அடித்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துவந்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நாற்பது வருஷமா அந்த மனுஷனைத் தினம் தினம் திட்டிக்கிட்டு இருக்கேண்ணா. இப்ப முழுசா சொல்லுங்க."

ரேடார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.