மார் தட்டியவன்

மார்பகப் புற்றுநோய்ப் பிரிவின் வராந்தா முழுக்கப் பெண்கள். நடுவில் தூண் மாதிரி நான். ஜிம் மாஸ்டர் உட்காருகிற இடமா இது!

"ஏங்க, பயமா இருக்கா?" என்றாள் மனைவி.

"எனக்கா? மலையே சரிஞ்சாலும் அசைய மாட்டேன்!" என்று மார் தட்டினேன்.

கட்டியை முதலில் கண்டுபிடித்தவள் அவள். "வெறும் கொழுப்புடி" என்று தீர்ப்புச் சொன்ன மகா மேதை நான்.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். "கட்டி சின்னதுதான், வேற எங்கயும் பரவலை. ஆனா இடது மார்பை எடுத்துடணும். அப்புறம் சில வருஷம் மாத்திரை. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு."

மலை சரிந்தாலும் அசையாதவனுக்குக் கால் வெலவெலத்தது. மனைவிதான் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

நர்ஸ் ஓடிவந்து பூப்போட்ட கவுன் ஒன்றை அவளிடம் நீட்டினாள். "மாத்திக்கிட்டு வாங்கம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி இன்னொரு ஸ்கேன் எடுக்கணும். சார் இங்கேயே உட்காரட்டும்."

மனைவி கவுனை வாங்கி என் மடியில் வைத்தாள். "பேஷன்ட் இவர்தாங்க."

"ஆம்பளைக்குமா வரும்?" பக்கத்து நாற்காலி அம்மா கண்ணை விரித்தார்.

"எனக்கே வந்துடுச்சேம்மா," என்றேன். "இனிமே மார் தட்டணும்னா வலது பக்கம் மட்டும்தான்."