இரண்டு பக்கமும்

"நெஞ்சுல கட்டியோட ஒரு பொண்ண எங்க தலையில கட்டிட்டாங்களே, இது அநியாயமில்லையா?"

அங்கம்மா கேட்டது பக்கத்துக் கதிரையில் இருந்த, அப்போதுதான் பழக்கமான மஸீனாவிடம்தான். ஆனால் கண்டியின் அந்த ஸ்கேன் சென்டரில் காத்திருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் மருமகள் இராஜகுமாரி. கலியாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நெஞ்சில் கட்டி தட்டுப்படுகிறது என்று முந்தாநாள்தான் மாமியாரிடம் சொன்னாள். சொன்ன கையோடு, "நீங்க கூட வந்தாத்தான் ஸ்கேனுக்குப் போவேன் மாமி" என்று ஒரே அழுகை.

"அப்படிச் சொல்ல வாணாம்மா," என்றாள் மஸீனா. "நோய் யாருக்கும் வரும். பாருங்க, புள்ள பயந்துபோய் ஈக்கிது."

"பயமா? நடிப்பு! வீட்டுல ஒரு வேலை உருப்படியா செய்யிறதில்ல. என் ஜாக்கெட்டக்கூட ரெண்டு மாசமா நானேதான் தொவைச்சுக்கிறேன். கேட்டுப் பாருங்க, இல்லன்னு சொல்லட்டும்!"

இராஜகுமாரி இல்லையென்று சொல்லவில்லை.

மஸீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு நேரம் இருந்த இரக்கம் கொஞ்சம் குறைந்துபோன பார்வை.

"மகன் என்ன சொல்றாரு?"

"தனபாலனா? பல்லேகல பெக்டரிக்குப் போவான், வருவான், சாப்பிடுவான். அவன் என்னத்தச் சொல்ல? நான் பேச வேண்டிய இடத்துல பேசிட்டேன். காலையில பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே கலகெதரைக்கு போன் போட்டு, 'உங்க மகளை வந்து கூட்டிட்டுப் போங்க, கட்டி போன பொறகு அனுப்புங்க'ன்னு இவ அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

இராஜகுமாரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பாகிட்டயா? அவரு தாங்க மாட்டாரே மாமி!"

"நான் மட்டும் தாங்கணுமாக்கும்?"

"இராஜகுமாரி!" தாதி கூப்பிட்டாள்.

உள்ளே டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். கட்டிலைக் காட்டினார்.

"வாங்கோ பிள்ளை. இதில படுங்கோ."

இராஜகுமாரி அசையவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயமா இருக்கு மாமி. நீங்க முதல்ல படுத்துக் காட்டுங்க. அப்புறம் நான் படுக்கிறேன்."

"சீ! எனக்கு எதுக்குடி?"

கதவு இன்னும் திறந்தபடிதான் இருந்தது. வெளியிலிருந்து மஸீனாவின் குரல் வந்தது.

"நடிப்புன்னு சொன்னீங்கதானே? ஒருக்கா நீங்க படுத்துத்தான் காட்டுங்களேன்!"

யாரோ சிரித்தார்கள்.

"ஓம் அம்மா, உங்களையும் பாத்துவிடுறன்," என்றார் டொக்டர். "நோகாது. கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்."

அங்கம்மா முந்தானையை இழுத்து இடது பக்கத்தை மூடிக்கொண்டாள்.

இடது பக்கம் ஒரு கட்டி. அதிலிருந்து கசிந்து ஜாக்கெட்டில் படிகிற கறை. உடம்புச் சூடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருப்பது. இப்போது மாட்டேன் என்றால், ஊரைக் கூட்டிப் பேசிய பேச்செல்லாம் என்னாவது? வலது பக்கத்தைக் காட்டிவிட்டு எழும்பிவிட்டால் ஆயிற்று.

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

வலது மார்பில் குளிர்ந்த களிம்பு. அதன்மேல் அந்தக் கருவி வழுக்கிக்கொண்டு போனது.

"இஞ்ச ஒண்டுமில்லை, நல்லா இருக்கு."

"பாத்தியாடி? இதுக்கா இந்தக் கூத்து?" அங்கம்மா எழும்பப் போனாள்.

"பொறுங்கோ அம்மா. ஒரு பக்கத்தை மட்டும் பாத்திட்டு விடுறேல்லை. இரண்டு பக்கமும் பாக்கிறதுதான் முறை."

"அந்தப் பக்கம் வேணாம் டொக்டர்! அது... பானை தூக்கினப்ப சுளுக்கினது..."

கருவி இடது மார்பில் ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றது. அக்குள்வரை போனது. திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே, ஓரமெல்லாம் பிய்ந்தாற்போல ஒரு கறுப்பு.

"இது எவ்வளவு காலமா இருக்குதம்மா?"

அங்கம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதின்ர வடிவம் எனக்குப் பிடிக்கேல்லை. ஊசியால சின்னத் துண்டு எடுத்துச் சோதிச்சுத்தான் என்னெண்டு சொல்லலாம். இண்டைக்கே எடுப்பம். இனியும் பிந்தக் கூடாது."

கட்டில் அப்படியே கீழே போவதுபோல இருந்தது அங்கம்மாவுக்கு. அந்த நிலையிலும் எதிரே நின்ற மருமகளைப் பார்த்தாள். தனக்கு வந்ததேதான் இந்தச் சின்னப் பெண்ணுக்குமா? இவளையா சந்தியில் நிறுத்தி ஏசினோம்?

"டொக்டர்... என்னைய விடுங்க. மொதல்ல இவளப் பாருங்க. வாழ வேண்டிய புள்ள..."

அப்போது அங்கம்மாவின் போன் அடித்தது. அவளுடைய கை எழும்பவில்லை. இராஜகுமாரிதான் எடுத்தாள்.

"சம்பந்தியம்மா! கட்டுகஸ்தோட்டைக்கு, உங்க வீட்டுக்கு வந்துட்டேங்க, எம்மக எங்க?" இராஜகுமாரியின் அப்பா அழகையாவின் அழுகைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்பா, நான்தான். அழாதீங்கப்பா. எனக்குக் கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க திரும்பிப் போங்க, மாமியோட நான் இருக்கணும்." அவள் குரல் தாழ்ந்தது. "மாமிக்குத்தாம்பா. சொன்னா வர மாட்டாங்க. அதான் எனக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

அங்கம்மா வாயைத் திறந்தபடி கிடந்தாள். டொக்டரும் கருவியைக் கீழே வைக்க மறந்துபோய் நின்றார்.

"உனக்கு... உனக்கு எப்படிடி தெரியும்?"

இராஜகுமாரி மாமியாரின் நெஞ்சில் இருந்த களிம்பை மெதுவாகத் துடைத்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

"கறைய ஒளிச்சு ஒளிச்சுத் தொவைச்சது போதும் மாமி. இனிமே அந்த ஜாக்கெட்ட எங்கிட்டயே குடுங்க."