பூட்டு ஊசி

அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்த வருடமே, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மெர்சிலினுக்குப் பூட்டு ஊசி போட்டார்கள். அதன்பின் அவள் மார்பில் ஒரு செல்லும் இரண்டாகப் பிரியாது, புற்றும் வராது. பிள்ளை பெற்றால் பாலும் ஊறாது என்று அப்போதே சொன்னார்கள். அந்த வயதில் அது பெரிதாகத் தெரியவில்லை.

இப்போது பிறந்த மகள் சப்பிச் சப்பிப் பார்த்து வீறிட்டாள்.

"ஊசிய முறிக்க வழியில்லையா, சிஸ்டர்?"

"இல்லம்மா. புட்டிப்பால் கொண்டாறேன்," என்ற நர்ஸ் தயங்கினாள். "ரத்தம் சோதிச்சதுல, உங்க அம்மாவுக்குப் புத்து வரவெச்ச மரபணுக் கோளாறு பாப்பாவுக்கும் இருக்கு. வளந்ததும் ஊசி போட, பேரப் பதியட்டுமா?"

அம்மா வலியில் முனகிய இரவுகள் மெர்சிலினுக்கு நினைவுக்கு வந்தன.

"பதிஞ்சிருங்க."

புட்டி வரும்வரை, பாலில்லாத மார்பிலேயே மகளை அணைத்துக்கொண்டிருந்தாள்.