குதிகால் முடிச்சு

அம்மா பிழைத்து எழுந்தால் வருவதாக அண்ணனும் தம்பியும் நேர்ந்துகொண்ட பாதயாத்திரை, இருபத்து மூன்றாம் நாள் சாயங்கால வெயிலில் கடலோரம் வந்து முடிகிறது. உடன் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிறுபிள்ளைகள்போல அலைக்குள் ஓடுகிறார்கள். செருப்பு தைக்கும் தொழிலாளியான தம்பி மட்டும் காய்ந்த மணலில் நிற்கிறான். காதில் கைபேசி. குதிகால் புண் சீழ் பிடித்து, மூன்று நாளுக்கு முன் வழியில் ஒரு மருத்துவமனையில் தங்கிவிட்ட அண்ணன்தான் பேசுகிறார். “சேந்துட்டியாடா? எங்கே, அலைச் சத்தத்தைக் கேக்க வை.” கைபேசியைக் கடலை நோக்கி நீட்டுகிறான். இருவர் செருப்பையும் தைத்தது அவன்தான். தன்னுடையதில் குதிகால் வாரின் உள்முடிச்சைத் தட்டி மட்டமாக்கி, மெத்தென்ற தோலை மேலே ஒட்டினான். அண்ணனுடையதைத் தைக்கும்போது கிளம்புகிற அவசரம். முடிச்சு விரலில் நெருடியது. அப்படியே விட்டுவிட்டான்.

“உன் செருப்பு தங்கம்டா. என் கால்தான் ராஜா வீட்டுக் கால், நடக்கச் சொன்னா கோவிச்சுக்குது,” என்று அண்ணன் சிரிக்கிறார். “அண்ணா, அந்த வாருல ஒரு முடிச்சு...” “முடிச்சாவது மூட்டையாவது! முதல்ல தண்ணில இறங்குடா. எனக்கும் சேத்து நனைச்சுக்கோ. எப்படி இருக்கு?” அலை அவன் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் வந்து, நுரையை விட்டுவிட்டுத் திரும்புகிறது. “சில்லுன்னு இருக்குண்ணா,” என்கிறான்.