ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது

"இதுல யாரு கை வெச்சது?"

இயக்குநர் தோன் எவாரிஸ்தோ போட்ட சத்தத்தில், எல்லாரும் ஆளுக்கு ஒரு வாயாகக் குடிக்கச் சுற்றி வந்துகொண்டிருந்த தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானக் குவளை என் கையில் அப்படியே நின்றது.

காரணம் நான்தான். காலையில் சரிபார்த்தபோது கணினியில் 'அம்மா' என்ற சொல்லின் மேல் 'ஊர்' என்ற குறி உட்கார்ந்திருந்தது. 'கிணறு' மேல் 'ஆள்' என்று இருந்தது. வாய் சும்மா இருக்காமல் போய்ச் சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் ஆவண நிலையத்தில் வேலை அப்படி. சர்வாதிகார ஆட்சியில் பராகுவே முழுக்கக் காணாமல் போனவர்களைப் பற்றி வீட்டு மனிதர்கள் சொல்வதை, சொன்னபடியே தட்டச்சு செய்வோம். அதுதான் மூலம். அதன்மேல் எதையும் எழுத மாட்டோம். இத்தனையாவது எழுத்து முதல் இத்தனையாவது எழுத்து வரை ஆள், அடுத்தது ஊர் என்று தனிக் கோப்பில் குறித்து வைப்போம். மூலத்தில் நாலு எழுத்து குறைந்தால் போச்சு. அதற்குக் கீழே உள்ள குறி எல்லாம் இடம் மாறிவிடும்.

தெயோலிந்தா அம்மாவின் வாக்குமூலத்தில் யாரோ குறைத்திருந்தார்கள்.

"நான்தான் அய்யா." ரூமில்தா எழுந்து நின்றாள்.

இவளா? வந்த ஒரு வருஷத்தில் ஒரு கால்புள்ளிகூடத் தப்பாகப் போடாத பெண்.

"என்னத்தை மாத்தின?"

"ஒரு பேரை எடுத்துட்டு 'யாரோ'ன்னு போட்டேன்."

"எந்தப் பேரை?"

அவரே கணினியைப் பார்த்தார். 'அவர் ஒளிஞ்ச இடத்தைக் கைகாட்டினது யாரோ' என்றிருந்தது.

"புருஷனைக் காட்டிக்கொடுத்தவன் பேரைச் சொல்ல அந்தம்மாவுக்கு நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. நீ ஒரு நிமிஷத்துல அழிச்சிட்ட! யாரு அவன்? உங்க தாத்தனா?"

"இல்லைங்க அய்யா."

"பின்ன யாருக்காகப் பண்ணின? எங்க அப்பா லிசார்தோ வாத்தியார் உசிரைப் பணயம் வெச்சு எத்தனை பேரை ஒளிச்சு வெச்சாரு தெரியுமா? அவர் படத்துக்குக் கீழ உக்காந்துக்கிட்டு இந்த வேலை பண்ணியிருக்கியே, வெக்கமா இல்ல?"

ரூமில்தா நிமிர்ந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குக் கைக்குழந்தை இருக்கு அய்யா. இந்த ஒரு தடவை..."

"மூலத்துல ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. சட்டம்னா சட்டம்தான். இப்பவே கிளம்பு."

கிளம்பினாள். கடைசியாக ஒரு வாய் குடித்துவிட்டுப் போ என்று யாரும் குவளையை நீட்டவில்லை. குவளை என் கையில்தான் இருந்தது. நானும் நீட்டவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

"செல்ஸோ, இங்க வா," என்று என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். தன் கணினியில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருந்த அசல் பிரதியைத் திறந்து கொடுத்தார். "பழையபடி போட்டுடு. அந்தப் பேரைப் படி, கேப்போம்."

படித்தேன். "விடியும்போது போலீஸ் வண்டி வந்தது. என் புருஷன் கிணத்துப் பக்கம் ஓடினார். அவர் ஒளிஞ்ச இடத்தைக் கைகாட்டினது..."

அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"என்னய்யா முழிக்கிற?" என்று அவரே குனிந்தார். விரலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

'கைகாட்டினது எங்க லிசார்தோ வாத்தியார்.'

அவர் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. பாவமாகத்தான் இருந்தது எனக்கு.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"ரூமில்தா மட்டும்தான் அய்யா."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அவ போட்டது அப்படியே இருக்கட்டும். அசல்லயும் அதையே போட்டுடு. குறியை மட்டும் நகர்த்திச் சரி பண்ணு."

"சரிங்க அய்யா," என்றேன். எனக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். "அப்ப... ரூமில்தாவைத் திரும்ப வரச் சொல்லட்டுமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அது எப்படி? மூலத்தைத் தொட்டவ அவ. சட்டம்னா சட்டம்தான்."