தலையைக் கொஞ்சம் நகர்த்துங்கள்

“அந்த பிளாக்கை மூடித் தொலைச்சிட்டு, கடைக்குப் போய் உப்பாவது வாங்கிட்டு வாங்க, அபூ ஹாஸிம். வீட்டுக்குப் பிரயோஜனமா இருக்கும்.”

என் எழுத்தின் மேல் என் மனைவி உம்மு ஹாஸிமுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

நான் அம்மான் நகரத்தில் நில அளவை ஆபீஸில் குமாஸ்தா. பகலில் ஊரார் நிலத்தை அளப்பேன். வீட்டுக்கு வந்ததும் வாழ்க்கையை அளக்க ஆரம்பித்துவிடுவேன். தனிமை, காலம், மரணம் என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே, தாடையில் கை வைத்து யோசிக்கிற மாதிரி என் படம். வெளிச்சம் நன்றாக விழுவது சமையலறையில்தான் என்பதால் எல்லாப் படமும் அங்கேயே எடுத்தது.

படிக்கத்தான் ஆளில்லை.

காரணம் என் எழுத்தாக இருக்கவே முடியாது. ஆகவே ஹோஸ்டிங்தான். பிளாக்கை வைக்க இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடம். பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் தெரியும்.

குதைபாவைப் போய்ப் பார்த்தேன். என் மகன் ஹாஸிமோடு படித்தவன். சின்னதாக ஹோஸ்டிங் கம்பெனி நடத்துகிறான்.

“மாமா, சர்வீஸ் டாக்சியில பதினஞ்சு பேரை ஏத்தின மாதிரி, ஒரே சர்வர்ல ஊரையே அடைச்சு வெச்சிருக்காங்க. அதுல நீங்களும் ஒரு மூலையில நசுங்கிக் கிடக்கறீங்க. நம்மகிட்ட வந்துடுங்க, பறக்கும்.”

பறந்தது. தொட்டதும் பக்கம் திறந்தது. படமெல்லாம் பளிச்சென்று வந்து நின்றது. ‘காலத்தின் மௌனம்’ என்ற கட்டுரைக்குக் கீழே, என் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரின் பின்னூட்டம்!

‘ஐயா, உங்கள் தோளுக்குப் பின்னால் இருப்பது மக்தூஸ் ஜாடிதானே? நான் துபாயில் இருக்கிறேன். பார்த்ததும் நாக்கில் நீர் ஊறிவிட்டது.’

மக்தூஸ்தான். குட்டிக் கத்தரிக்காய்க்குள் வால்நட்டும் பூண்டும் மிளகாயும் அடைத்து ஆலிவ் எண்ணெயில் ஊறப்போடுவதில் உம்மு ஹாஸிமை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் நான் எழுதியது காலத்தைப் பற்றி.

“கட்டுரை எப்படி இருந்தது?” என்று பதில் போட்டேன்.

“எண்ணெய் நம்ம ஊர் எண்ணெயா?” என்று பதில் வந்தது.

அவர் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்க வேண்டும். ரியாத், குவைத், ஸ்வீடன் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ‘பக்கத்தில் ரோஸ் நிறத்தில் இருப்பது என்ன ஊறுகாய்?’ என்றார் ஒருவர். ‘தலையைக் கொஞ்சம் நகர்த்துங்கள், மூன்றாவது ஜாடி மறைகிறது’ என்றார் இன்னொருவர். ‘மனிதன் ஏன் காத்திருக்கிறான்?’ என்ற கட்டுரையின் கீழே ஒரு பெண், ‘பார்சல் அனுப்புவீர்களா? காத்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். அவள் ஒருத்தியாவது தலைப்பைப் படித்திருந்தாள்.

உம்மு ஹாஸிமிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் குதைபாவுக்கு போன் போட்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. என் பிளாக்குக்குள் கடை வந்தது. கொஞ்ச நாளில் கடைக்குள் என் பிளாக் என்று ஆனது. தெருப் பெண்கள் இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். உலகத்துக்கே வழி காட்டக் கிளம்பிய நான், கொரியர் ஆபீஸுக்குக் குறுக்கு வழி கண்டுபிடித்தேன்.

ஆனாலும் எழுதுவதை விடவில்லை. கடைப் பக்கத்தின் அடியில், ‘இதர’ என்ற தலைப்பின் கீழ் என்னைப் போட்டிருந்தார்கள்.

ரமலான் நெருங்கியதும் ஆர்டர்கள் குவிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை காலை கடை திணற ஆரம்பித்தது. ஜாடியைத் தேர்ந்தெடுப்பார்கள், காசு கட்டும்போது அப்படியே நின்றுவிடும்.

குதைபா போன் பண்ணினான். உம்மு ஹாஸிமின் கையெல்லாம் எண்ணெய். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“மாமி, கூட்டம் தாங்கல. பெரிய சர்வருக்கு மாத்திடறேன். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் கடை, பிளாக் ரெண்டுல ஒண்ணைத்தான் ஓட்ட முடியும். மாமாவோட கட்டுரையை எல்லாம் நிறுத்தி வெச்சிடட்டுமா? ஒவ்வொண்ணுலயும் அவ்ளோ பெரிய படம் வேற.”

“அதை யாராவது படிக்கறாங்களா?”

குதைபா தயங்கினான். “உண்மையைச் சொல்லணுமா, மாமி?”

“சொல்லு.”

“மாமா மட்டும்தான் பார்க்கறார். எழுந்ததும் ஒரு தடவை திறப்பார். அப்புறம் ஆபீஸ்லேர்ந்து.”

கையில் லேபிளோடு அப்படியே நின்றேன். அடுத்து அவள் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம். இத்தனை வருஷமாகக் கேட்டதுதானே.

“அப்போ கடையை நிறுத்து.”

“மாமி! ரமலான் நேரம்! எத்தனை பேர் வேற கடைக்குப் போயிடுவாங்க தெரியுமா?”

“போனா போகட்டும். ஊறுகாய் வேணுங்கறவங்க ரெண்டு நாள் கழிச்சும் வருவாங்க. அந்த மனுஷன் நாளைக்குக் காலையில எழுந்து திறக்கறப்போ, அவர் எழுதினது அங்கே இருக்கணும். இதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, குதைபா. அப்புறம் இதைப் பத்தியும் எழுதிடுவார்.”